ஒரு ரூபாய்க்கு எவ்வளவு புகை?

இந்த வாரம் நாற்றங்கால் பத்தி எழுதறதா இருந்தேன். அது அடுத்த வாரம். மனசுல ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருக்கற வேற ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடறேன்.

பட்டணத்துல இருக்கற சொந்தக்காரங்க ஊருக்கு வந்தா, "உங்களுக்கென்ன மாமா, கார்பனே இல்லாத வாழ்க்கை"ன்னு சொல்றாங்க. அதே சமயம் பேப்பரைத் திறந்தா, இந்தியா மாதிரி நாடுகள் பணக்கார நாடுகளைவிட கார்பன் திறன்ல பின்தங்கி இருக்குன்னு போட்டிருக்கான். ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தா நாம விடற புகை கம்மி. வருஷத்துக்கு ஒரு இந்தியன் கணக்குல சுமார் 2 டன் கரியமில வாயு. உலக சராசரி 4 டன்னுக்கு மேல. அமெரிக்காக்காரன் 14 டன் வாக்கில். அப்படி இருக்க, கம்மியா புகை விடறவன் எப்படித் திறன் இல்லாதவன் ஆனான்?

விஷயம் அளவுகோல்ல இருக்குங்க. கார்பன் திறன்னா ஆளுக்கு எவ்வளவுங்கற கணக்கு இல்ல. ஒரு நாடு ஒரு வருஷத்துல விட்ட கரியமில வாயுவை, அந்த நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்பால வகுக்கறாங்க. அதாவது ஒரு ரூபாய் சம்பாதிக்க எவ்வளவு புகை விட்டேங்கறதுதான் கேள்வி. எங்க ஊர்ல நூறு ரூபாய்க்கு முடி வெட்டறாங்க. லண்டன்ல அதே கத்திரி, அதே சீப்பு, கூலி மட்டும் பல மடங்கு. இந்த அளவுகோல்ல லண்டன் முடிதிருத்துபவர் பெரிய திறமைசாலி ஆயிடுவார். அதனாலதான் சந்தை டாலர் கணக்குல பார்த்தா இந்தியா உலக சராசரியைவிட மோசமாத் தெரியும். அந்தந்த ஊர் விலைவாசியைச் சரிக்கட்டி, வாங்கும் சக்திக் கணக்குல பார்த்தா சராசரிக்குப் பக்கத்துல வந்துடும். நாடும் அதேதான், புகையும் அதேதான். ஆனா மார்க் வேற.

ஆனா அளவுகோல் கோணல்னு சொல்லி நழுவிட முடியாது. ஒரே வேலைக்கு ஒருத்தர் கொஞ்சமா எரிக்கறதும் இன்னொருத்தர் நிறைய எரிக்கறதும் நிஜமாவே நடக்குது. அதுக்கு மெஷின் மட்டும் காரணம் இல்ல. மேல இருக்கறவனுக்கும் கீழ இருக்கறவனுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்ங்கறதும் ஒரு காரணம். இதைப் பத்திப் படிக்கப் படிக்க, எங்க ஊர் கிணத்துமேட்டுல நடந்த கதைதான் உலகம் பூரா நடந்திருக்குன்னு தோணுச்சு.

முதல் எஞ்சின் ஒரு தண்ணி பம்பு

நீராவி எஞ்சின்னா நமக்கு ரயில்தான் ஞாபகம் வரும். ஆனா அது முதல்ல ஓட்டினது ரயில் இல்லீங்க, பம்பு. 1712-ல் தாமஸ் நியூகாமன்ங்கற இங்கிலாந்துக்காரர், நிலக்கரிச் சுரங்கத்துல ஊறுற தண்ணியை இறைக்க ஒரு எஞ்சின் வச்சார். எரிக்கற கரியில நூத்துல ஒரு பங்கு சக்திகூட வேலையா மாறல. மீதியெல்லாம் வீண். ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல அதையே வச்சு ஓட்டினாங்க. காரணம் சுலபம். எஞ்சின் நின்னதே கரிச் சுரங்க வாசல்ல. விக்க முடியாத தூள் கரி காலடியில குவிஞ்சு கிடக்கு. அதை மிச்சம் பிடிக்கணும்னு யாருக்குத் தோணும்?

ஆனா இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில இருக்கற கார்ன்வால்ல நிலைமை வேற. அங்க தகரம், செம்புச் சுரங்கங்கள் இருந்துச்சு, கரி கிடையாது. வேல்ஸ்ல இருந்து கப்பல்ல வரணும். ஒவ்வொரு கூடைக் கரிக்கும் காசு கணக்கு. 1769-ல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை வாங்கின புது எஞ்சினுக்கு நல்ல சந்தை அங்கதான் கிடைச்சுது. வாட்டும் அவரோட கூட்டாளி மாத்யூ போல்டனும் போட்ட ஒப்பந்தம் சுவாரசியமானது. பழைய நியூகாமன் எஞ்சின் எரிக்கற கரியோட ஒப்பிட்டு, எவ்வளவு கரி மிச்சமோ அதோட விலையில மூணுல ஒரு பங்கு எங்களுக்குன்னாங்க. கரி மிச்சத்தையே சரக்கா வித்தாங்க.

இதுல எனக்குப் புரிஞ்சது என்னன்னா, திறன்ங்கறது அறிவால மட்டும் வர்றதில்ல. விலை உறைக்கணும். உறைக்காத இடத்துல நல்ல மெஷின் இருந்தாலும் யாரும் வாங்க மாட்டான். உறைச்சாலும் வாங்கக் கையில காசு இருக்கணும். இந்த ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்து இருந்தாத்தான் திறன் வரும்.

எங்க கிணத்துமேடு

இப்போ எங்க பக்கத்துக்கு வர்றேன். திருவண்ணாமலை மாவட்டத்துல ஏரிப் பாசனமும் கிணத்துப் பாசனமும் கலந்த ஊர் எங்களது. எனக்கு ஒண்ணே முக்கால் ஏக்கர். கிணறு எனக்கு மட்டும் சொந்தம் இல்ல, பங்காளிகள் மூணு பேருக்கும் பொது.

நான் சின்னப் பையனா இருந்தப்போ கடைசிக் கவலை ஓடினதைப் பார்த்திருக்கேன். ரெண்டு மாடு, ஒரு சால், ஒரு வால் தோல். மாடு இறக்கத்துல இறங்கினா தண்ணி மேல வரும். எரிபொருள் வைக்கோல்தான். முப்பதடிக்குக் கீழ தண்ணி போச்சுன்னா மாடு திணறும். அதனால ஊர்ல யாரும் மனம்போன போக்குல ஆழத்துக்குப் போக முடியாது. பணக்காரனுக்கு நாலு ஜோடி மாடு இருக்கலாம், ஆனா அவனும் அதே முப்பதடித் தண்ணியைத்தான் இறைச்சான்.

அப்புறம் ஆயில் இன்ஜின் வந்துச்சு, அதுக்கப்புறம் கரண்ட் மோட்டார். தமிழ்நாட்டுல 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன கரண்ட் இலவசமாச்சு. இதைக் குறை சொல்ல நான் வரல. அது இல்லேன்னா என்னை மாதிரி ஆளு எப்பவோ நிலத்தை வித்துட்டு பட்டணத்துல வாட்ச்மேன் வேலைக்குப் போயிருப்பான். ஆனா நடந்ததைச் சொல்லணும். கரண்டுக்குக் காசு இல்லாததால, காசு உள்ளவன் ஆழ்துளைக் கிணறு போட்டான். முதல்ல நூறு அடி, அப்புறம் முன்னூறு, அப்புறம் அறுநூறு. அவன் இறைக்க இறைக்க பக்கத்துத் திறந்த கிணறு வத்துச்சு. கிணறு வத்தினவன் கடன் வாங்கித் தானும் போர் போட்டான், இல்லேன்னா நிலத்தை மானாவாரியா விட்டான், இல்லேன்னா வித்தான்.

இதுல புகைக் கணக்கு எங்க வருதுன்னு பாருங்க. ஒரு குடம் தண்ணியை முப்பதடியில இருந்து மேல கொண்டு வர்றதுக்கும் முன்னூறு அடியில இருந்து கொண்டு வர்றதுக்கும் சக்தி பத்து மடங்கு வித்தியாசம். இது என்னோட அபிப்பிராயம் இல்ல, எட்டாங்கிளாஸ் இயற்பியல். நெல்லு அதே நெல்லுதான், மூட்டைக்கு அதே விலைதான். ஆனா ஒரு மூட்டைக்குப் பின்னால அனல்மின் நிலையத்துல எரியற கரி பத்து மடங்கு. மோட்டார்ல எந்தக் குறையும் இல்ல. ஆழத்துக்குப் போட்ட போட்டிதான் திறனைத் தின்னுடுச்சு.

இது மேல் முனை. கீழ் முனையிலயும் வீண் இருக்கு. எங்க பங்குக் கிணத்து மோட்டார் காயில் எரிஞ்சு எரிஞ்சு பல தடவை கட்டினது. ஒவ்வொரு தடவை ரீவைண்டிங் பண்ணும்போதும் கொஞ்சம் தேறும், கொஞ்சம் போகும். புது மோட்டாரைவிட அதிகக் கரண்டைக் குடிச்சுட்டு கம்மித் தண்ணி தருது. மூணு பங்காளிகள்ல ஒருத்தர்கிட்ட காசு இருக்கும்போது இன்னொருத்தர்கிட்ட இருக்காது. அதனால புதுசு வாங்கறது தள்ளிக்கிட்டே போகுது. கரண்ட் இணைப்புக்குப் பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கா வரிசையில நிக்கறவன் கதை இன்னும் மோசம். அவன் டீசல் ஊத்தி ஆயில் இன்ஜின் ஓட்டறான். இருக்கறவனுக்கு இலவசம், இல்லாதவனுக்குத்தான் லிட்டர் கணக்குல செலவு.

ஆக, ஒரே ஊர்ல ரெண்டு விதமா வீண் ஆகுது. மேல இருக்கறவனுக்கு விலை உறைக்கல, அதனால வீண் பண்றான். கீழ இருக்கறவனுக்கு விலை நல்லாவே உறைக்குது, ஆனா நல்ல மெஷின் வாங்கக் கையில காசு இல்ல. இடைவெளி பெரிசாக ஆக ரெண்டு பக்க வீணும் பெரிசாகும். இதை ஒரு நாட்டு அளவுக்கு விரிச்சுப் பார்த்தா தென்னாப்பிரிக்கா தெரியும்.

கோபுரம் பக்கத்துல, வெளிச்சம் தூரத்துல

வருமான ஏற்றத்தாழ்வுல உலகத்துலயே மோசமான நாடுன்னு உலக வங்கிக் கணக்குல முதல்ல நிக்கறது தென்னாப்பிரிக்காதான். ஏற்றத்தாழ்வை அளக்கற ஜினி எண்ணுல அது 63 வாக்கில் இருக்கு. எல்லாருக்கும் சமம்னா பூஜ்யம், ஒருத்தன்கிட்டயே எல்லாம்னா நூறு. அதே தென்னாப்பிரிக்காதான் ஒரு ரூபாய் வருமானத்துக்கு அதிகப் புகை விடற நாடுகள் வரிசையிலயும் முன்னால நிக்குது. இது தற்செயலான்னு கேட்டா, வரலாறு இல்லேன்னு சொல்லுது.

1886-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல தங்கம் கிடைச்சுது. ஆழச் சுரங்கத்துக்கு மின்சாரம் வேணும். கரி பக்கத்துலயே மலிவா இருந்துச்சு. 1923-ல் எஸ்காம்ங்கற அரசு மின் நிறுவனம் வந்துச்சு. மின்சாரம் போனது முதல்ல சுரங்கத்துக்கும் ஆலைக்கும், அப்புறம் வெள்ளைக்காரங்க குடியிருந்த நகரத்துக்கும். கறுப்பின மக்கள் சுரங்கத்துல இறங்கி வேலை செஞ்சாங்க, ஆனா அவங்க வீட்டுக்கு ஒயர் போகல.

ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே சோவெட்டோன்னு கறுப்பின மக்களை ஒதுக்கி வச்ச பெரிய குடியிருப்பு இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே ஆர்லாண்டோ அனல்மின் நிலையம். அதோட ரெண்டு குளிர்விக்கும் கோபுரங்கள் இன்னைக்கும் வண்ண ஓவியத்தோட நிக்குது. அந்த நிலையம் ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்கு விளக்கேத்துச்சு. அதோட நிழல்ல இருந்த சோவெட்டோ வீடுகளுக்கு 1980கள்லதான் பரவலா மின்சாரம் வந்துச்சு. அதுவரைக்கும் குளிர்காலத்துல கரி அடுப்புதான். தகர டின்ல ஓட்டை போட்டு கரி எரிப்பாங்க. சாயங்காலமானா தெருவே தெரியாத அளவுக்குப் புகை கவியும். கரியை வீட்டு அடுப்புல எரிச்சுச் சமைக்கறதுல வீண் எவ்வளவு, நுரையீரலுக்குள்ள போறது எவ்வளவுன்னு விறகடுப்பு ஊதின எங்க அம்மாவைக் கேட்டாத் தெரியும்.

அடுத்தது இன்னும் கேளுங்க. நிறவெறி அரசு நடந்ததால வெளிநாடுகள் எப்போ எண்ணெயை நிறுத்துமோன்னு அந்த அரசுக்குப் பயம். 1950-ல் சசோல்னு ஒரு கம்பெனியை உருவாக்கி, கரியில இருந்து பெட்ரோல், டீசல் காய்ச்ச ஆரம்பிச்சாங்க. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கறதைவிட இதுல வெளியாகற கரியமில வாயு பல மடங்கு. எங்கயும் கட்டுப்படியாகாத தொழில் அது. 1979-ல் ஈரான்ல ஆட்சி மாறி எண்ணெய் நின்னதும் இதை இன்னும் பெருசாக்கினாங்க. செகுண்டான்னு ஒரு ஊர்ல இருக்கற அந்த ஆலை, ஒரே இடத்துல இருந்து அதிகக் கரியமில வாயு விடற உலக இடங்கள்ல ஒண்ணு. ஏற்றத்தாழ்வைக் காப்பாத்தறதுக்காகவே கரியை எரிச்ச கதை இது.

1994-ல் நெல்சன் மண்டேலா ஆட்சிக்கு வந்தார். அப்போ ஏறக்குறைய பாதிக்கும் மேல வீடுகள்ல மின்சாரம் இல்ல. அடுத்த இருபது வருஷத்துல பெரும்பாலான வீடுகளுக்குக் கம்பி இழுத்தாங்க. ஏழை வீட்டுக்கு மாசம் 50 யூனிட் இலவசம்னு 2003-ல் இருந்து கொடுத்தாங்க. நல்ல காரியம்தான். ஆனா புது மின் நிலையம் கட்டறதுல தாமதம், ஊழல். 2007-08-ல் இருந்து சுழற்சி முறை மின்வெட்டு. 2023-ல் அது உச்சத்துக்குப் போச்சு. காசு உள்ளவன் கூரையில சோலாரும் பேட்டரியும் போட்டுக்கிட்டான். காசு இல்லாதவன் மறுபடி மண்ணெண்ணெய் அடுப்புக்கு வந்தான். எங்க ஊர் போர்வெல் கதையோட சாயல் தெரியுதா?

சரி, கரியை விட்டுட வேண்டியதுதானேன்னு கேக்கலாம். அங்க மின்சாரத்துல நூத்துக்கு எண்பதுக்கு மேல கரியில இருந்துதான் வருது. 2022-ல் கோமாட்டிங்கற பழைய அனல்மின் நிலையத்தை மூடினாங்க. சுத்தி இருந்த ஊருக்கு வேற பிழைப்பு இல்ல. மூணு பேர்ல ஒருத்தருக்கு வேலை இல்லாத நாட்டுல, இருக்கற வேலையை விடச் சொன்னா யார் விடுவாங்க? கரியை நிறுத்தற வழியிலயும் ஏற்றத்தாழ்வு வந்து குறுக்க நிக்குது.

அப்போ சமத்துவம் வந்தாப் புகை குறையுமா?

இவ்வளவு சுலபமா இருந்தா நல்லா இருக்கும். ஸ்வீடனைப் பாருங்க. வருமான இடைவெளி சின்னது. 1991-லயே கார்பனுக்கு வரி போட்டாங்க. 1990-ல் இருந்து அந்த நாட்டுக்குள்ள வெளியாகற வாயு மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு, பொருளாதாரமோ வளர்ந்திருக்கு. வரி போட்டப்போ வேற வரியைக் குறைச்சாங்க, பொதுப் போக்குவரத்தும் ஊருக்கெல்லாம் ஒரே இடத்துல இருந்து போற வெந்நீர்க் குழாயும் இருந்துச்சு. அதனால வரி உறைச்சுது, நசுக்கல. ஆனா அவங்களுக்கு நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் ஏற்கெனவே இருந்துச்சுங்கறதை மறக்கக் கூடாது. மறுபக்கம் பிரேசில். ஏற்றத்தாழ்வு அதிகம், ஆனா ஆறுகள் புண்ணியத்துல அங்க மின்சாரம் பெரும்பாலும் சுத்தமானது. ஆக, சாமி கொடுத்த மலையும் ஆறும் கணக்கை மாத்தும்.

படிச்சவங்களும் இதுல ஒரே குரல்ல பேசல. 1994-ல் ஜேம்ஸ் பாய்ஸ்ங்கற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சொன்னது இது: மாசு பண்ணி லாபம் பார்க்கறவனுக்கு அதிகாரமும், மாசை அனுபவிக்கறவனுக்கு வாயில்லாமையும் இருக்கற ஊர்ல மாசு கூடத்தான் செய்யும். 2000-ல் மார்ட்டின் ரவாலியனும் கூட ரெண்டு பேரும் வேற ஒரு விஷயத்தைக் காட்டினாங்க. ஏழைக்குக் கூடுதல் காசு கிடைச்சா முதல்ல பல்பு, ஃபேன், கேஸ் அடுப்பு, ஒரு பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி வாங்குவான். அதனால வருமானத்தைப் பகிர்ந்து கொடுத்தா முதல்ல புகை கொஞ்சம் கூடலாம்னு அவங்க கணக்கு. (டிவிஎஸ் ஃபிஃப்டி உதாரணம் என்னுது.) 2017-ல் நிக்கோல் குருனேவால்ட் முதலான நாலு பேர் நிறைய நாடுகளைச் சேர்த்துப் பார்த்து, ரெண்டு பக்கமும் உண்மைன்னாங்க. ஏழை நாடுகள்ல ஏற்றத்தாழ்வு அதிகமா இருந்தா தலைக்குப் புகை கம்மியா இருக்கு. வசதியான நாடுகள்ல ஏற்றத்தாழ்வு கூடினா புகையும் கூடுது.

முதல் பாதியைக் கேட்டுச் சந்தோஷப்பட ஒண்ணும் இல்லீங்க. பல பேர் இருட்டுல உக்காந்திருக்கறதால ஒரு நாட்டோட புகை கம்மியா இருக்குன்னா, அதுக்குப் பேர் சிக்கனம் இல்ல. பட்டினி கிடக்கறவனைப் பார்த்து விரதம் இருக்கான்னு சொல்ல முடியுமா?

நெல்லு மேல வந்த பழி

இந்த அளவுகோல் சண்டை எங்க வயலுக்கே வந்த கதை ஒண்ணு இருக்கு. 1990-ல் அமெரிக்காவுல இருக்கற உலக வள ஆய்வு நிறுவனம், எந்தெந்த நாடு உலகத்தைச் சூடாக்குதுன்னு ஒரு பட்டியல் போட்டுச்சு. முதல் அஞ்சு இடத்துல இந்தியா. காரணங்கள்ல ஒண்ணு, நம்ம நெல்வயலும் மாடும் விடற மீத்தேன் வாயு. நிக்கற தண்ணிக்குக் கீழ மண்ணுல காத்து இல்லாம போகும்போது, நுண்ணுயிர்கள் மக்கை அழுக வச்சு மீத்தேனை உண்டாக்கும். அது நெல் தண்டு வழியாகவே மேல வரும். அது உண்மைதான்.

ஆனா எவ்வளவுங்கறதுதான் சண்டை. இந்திய நெல்வயல்கள் வருஷத்துக்கு சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுதுன்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டுச்சு. வெளிநாட்டு வயல்கள்ல அளந்த கணக்கை வச்சு இங்க பெருக்கினது அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துல இருந்த விஞ்ஞானி ஏ.பி. மித்ரா தலைமையில 1991-ல் நம்ம நாட்டு வயல்கள்லயே பெட்டி வச்சு அளந்தாங்க. வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு.

அதே 1991-ல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சின்னப் புத்தகம் போட்டாங்க. அவங்க கேட்ட கேள்வி இன்னைக்கும் நிக்குது. சோத்துக்கு நட்ட நெல்லுல இருந்து வர்ற வாயுவும், சொகுசு காருல இருந்து வர்ற வாயுவும் ஒண்ணா? உயிர் பிழைக்க விடற புகையையும் ஆடம்பரத்துக்கு விடற புகையையும் ஒரே தராசுல போடலாமா? அடுத்த வருஷம், 1992-ல், ரியோ மாநாட்டுல "பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனா ஒரே அளவு இல்லை"ங்கற கொள்கை உலக ஒப்பந்தத்துல ஏறுச்சு.

அதுக்கப்புறமும் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு புகைங்கற அளவுகோல் போகல. 2002-ல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், மொத்தப் புகையைக் குறைக்கறதுக்குப் பதிலா, பத்து வருஷத்துல டாலருக்கு இவ்வளவு புகைங்கறதை 18 சதவீதம் குறைப்போம்னார். பொருளாதாரம் வளர்ந்தா மொத்தப் புகை கூடியும்கூட இந்தக் கணக்குல பாஸ் ஆயிடலாம். 2009-ல் இந்தியாவும் அதே அளவுகோலைத்தான் எடுத்துச்சு: 2005-ஐ விட 2020-க்குள்ள 20 முதல் 25 சதவீதம் குறைப்போம்னு. இப்போ 2030-க்குள்ள 45 சதவீதம்னு சொல்லியிருக்கோம். நம்ம நாட்டுக்கு இன்னும் எத்தனையோ வீட்டுல ஃபேன் ஓடணும், ஃபிரிட்ஜ் வரணும். அதனால நாம இதைச் சொல்றதுல நியாயம் இருக்கு. ஏற்கெனவே வயிறு நிறைஞ்சவங்க சொல்றதுல அந்த அளவு நியாயம் இல்லைன்னு நான் நினைக்கறேன்.

இதுல இன்னொரு தந்திரமும் இருக்கு. புகை கணக்கு பொருளைச் செஞ்ச ஊர் மேலதான் விழும். திருப்பூர்ல சாயம் போட்டுத் தைச்ச பனியனை ஐரோப்பாக்காரன் போட்டுக்கறான். கொதிகலன் புகை நம்ம கணக்குல, பிராண்டு பேருக்கு வர்ற லாபம் அவங்க கணக்குல. அவங்க ஒரு ரூபாய்க்கு விடற புகை குறைஞ்சுக்கிட்டே போகும், நம்மது கூடின மாதிரித் தெரியும்.

நாட்டுக்கும் நாட்டுக்கும் ஒப்பிட்டுக்கிட்டே இருந்தா இன்னொண்ணும் மறைஞ்சுடும். ஆக்ஸ்பாம் அமைப்பு 2020-ல் போட்ட கணக்குல, 1990 முதல் 2015 வரைக்கும் வெளியான கரியமில வாயுவுல பாதிக்கு மேல, 52 சதவீதம், உலகத்தோட மேல்தட்டுப் பத்து சதவீத மக்களுக்காக வெளியானது. கீழ்ப்பாதி மக்களுக்கு ஆனது 7 சதவீதம். அந்த மேல்தட்டுல அமெரிக்காக்காரன் மட்டும் இல்ல, நம்ம சென்னை, பெங்களூரு, மும்பைக்காரங்களும் இருக்காங்க. இந்தியான்னு ஒரே மார்க் போட்டா, அவங்க என் பின்னாலயும் நான் அவங்களுக்கு முன்னாலயும் மறைச்சுக்கிட்டு நிப்போம்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

இது பழைய கதை இல்லீங்க, இப்போ எங்க வரப்புல வந்து நிக்குது. நெல்லுல மீத்தேனைக் குறைக்க ஒரு வழி இருக்கு. எப்பவும் தண்ணி கட்டி நிறுத்தாம, வயலைக் கொஞ்சம் காய விட்டு, அப்புறம் பாய்ச்சறது. வேளாண்மைத் துறை இதைக் காய்ச்சலும் பாய்ச்சலும்னு சொல்லுது. ஓட்டை போட்ட பிவிசி பைப்பை வயல்ல புதைச்சு, தண்ணி மண்ணுக்குக் கீழ 15 சென்டிமீட்டர் இறங்கினதும் மறுபடி பாய்ச்சணும். பூக்கற நேரத்துல மட்டும் காய விடக் கூடாது. மகசூல் குறையாம மீத்தேன் ஏறக்குறைய பாதி வரைக்கும் குறையும், தண்ணியும் மிச்சம். இப்படிச் செஞ்சா கார்பன் கிரெடிட் காசு தர்றோம்னு கம்பெனிகளும் கிராமங்களுக்கு வர ஆரம்பிச்சிருக்கு.

நல்ல முறைதான், எனக்கு மறுப்பு இல்ல. ஆனா யாரால செய்ய முடியும்னு பாருங்க. சொந்த போர், சொந்த இணைப்பு, நினைச்ச நேரம் தண்ணின்னு இருக்கறவன் தைரியமாக் காய விடுவான். நாளைக்கே பாய்ச்சிக்கலாம்னு அவனுக்குத் தெரியும். எனக்கு பங்குக் கிணத்துல மூணு நாளைக்கு ஒரு முறை. அந்த நாள்ல கரண்ட் போனாலோ, மோட்டார் காயில் போனாலோ அடுத்த முறை வரைக்கும் வயல் வெடிச்சுக் கிடக்கும். அதனால முறை வர்ற அன்னைக்கு முடிஞ்ச அளவு தண்ணியைக் கட்டி நிறுத்தறேன். ஏரிக் கால்வாயோட கடைமடையில இருக்கறவனும் அதையேதான் செய்யறான். தண்ணி மறுபடி வரும்ங்கற நம்பிக்கை இல்லாதவன் தண்ணியைத் தேக்கத்தான் பார்ப்பான். தேக்கினா மீத்தேன்.

நாளைக்கு யாராவது வந்து அளந்தா, போர்வெல்காரன் வயல் திறன் உள்ளது, என் வயல் திறன் இல்லாததுன்னு எழுதுவாங்க. கிரெடிட் காசு அவனுக்குப் போகும். அந்தக் காசுல அவன் இன்னும் நூறு அடி ஆழத்துக்குப் போனாலும் ஆச்சரியம் இல்ல. மீத்தேன் பெட்டியில அந்த நூறு அடிக்கான கரி தெரியாது.

பைப்பு கொடுக்கறவங்க அதோட சேர்த்து, மூணு பங்காளிகளுக்கும் சேர்ந்த மாதிரி ஒரு நல்ல மோட்டாருக்கு மானியமும், பகல்ல இவ்வளவு மணியில இருந்து இவ்வளவு மணி வரைக்கும் கரண்ட் நிச்சயம்ங்கற உத்தரவாதமும் கொடுத்தா, எங்க தெருவுல பத்து பேராவது அடுத்த போகத்துலயே வயலைக் காய விடுவோம். புகையைக் குறைக்கறதுக்கு அதைவிட மலிவான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அடுத்த வாரம் நாற்றங்கால் பத்தி நிச்சயம் எழுதறேன்.